பிளாப் ஓபரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஓர் ஆலயப் பாடகர் குழுவுக்கு நான் பயிற்சி அளித்து வருகிறேன். வாரத்தில் இரண்டு மாலைகள் நடக்கும் அந்தப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு, பிரவுசரிலேயே விளையாடக்கூடிய பிளாப் ஓபரா என்ற இசை விளையாட்டை ஒரு நாள் காட்டினேன். அன்றிலிருந்து பெற்றோரும், குழுவின் மூத்த பாடகர்களும், கர்நாடக இசை கற்கும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், பொறுமையாக உட்கார்ந்து நான் சொல்ல விரும்பிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளாப் ஓபரா என்பது என்ன?

திரையில் நான்கு உருவங்கள் வரிசையாக நிற்கும். கையும் காலும் இல்லாமல், பிசைந்த மாவை உருட்டி வைத்ததுபோல் கொழகொழவென்று இருக்கும் அவற்றுக்குக் கண்களும் வாயும் மட்டும் உண்டு. அவற்றில் ஒன்றைத் தொட்டு மேலே இழுத்தால் அது மேல் சுரத்தில் பாடும். கீழே இறக்கினால் குரலும் இறங்கும். மற்ற மூன்றும் அதற்கு இசைந்து தங்கள் தங்கள் சுரங்களில் சேர்ந்துகொள்ளும். கணினிக் கலைஞர் டேவிட் லீ, கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் நிறுவனத்தோடு சேர்ந்து இதை உருவாக்கினார். 2020 டிசம்பரில் வெளியானது. உலகெங்கும் பாடகர் குழுக்கள் ஓரிடத்தில் கூட முடியாமல் அவரவர் வீடுகளில் அடைந்து கிடந்த கொரோனா காலம் அது. நான்கு குரல்கள் சேர்ந்து ஒலிப்பதைப் பல மாதங்களாகக் கேட்காதிருந்த எனக்கு, அந்தச் சிறிய திரையிலிருந்து வந்த கூட்டொலி எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

எப்படி விளையாடுவது?

விரலாலோ மவுஸாலோ ஓர் உருவத்தைப் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவே. மேலும் கீழும் இழுத்தால் சுரம் மாறும். முன்னும் பின்னும் இழுத்தால் உயிரொலி மாறும், அதாவது ஆகாரமாக ஒலித்த குரல் ஓகாரமாகவோ ஊகாரமாகவோ ஈகாரமாகவோ திரியும். பிடித்தபடி அசையாமல் இருந்தால் அந்தச் சுரம் நீண்டு நிற்கும். கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும்.

புதிதாக விளையாடுவோர் பெரும்பாலும் வேகமாக மேலும் கீழும் இழுத்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அதிலும் தவறில்லை. ஆனால் ஐந்து நிமிடம் சிரித்து முடித்த பிறகு, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு மிக மெதுவாக நகர்ந்து பார்க்க வேண்டும். இந்த விளையாட்டின் உண்மையான அழகு அந்த மெதுவான நகர்வில்தான் இருக்கிறது.

மதிப்பெண்ணும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

ஊஞ்சல் ஆடுகிற பிள்ளையிடம் யார் ஜெயித்தது என்று நாம் கேட்பதில்லை. மணலில் வீடு கட்டுவதும், கூட்டாஞ்சோறு ஆக்குவதும், மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விடுவதும் நம் மொழியில் விளையாட்டுதான். போட்டி இருந்தால்தான் விளையாட்டு என்ற எண்ணம் நமக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிளாப் ஓபராவில் நேரக் கணக்கு இல்லை, நிலைகள் இல்லை, உயிர் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் தப்பான சுரம் என்று ஒன்று கிடையாது. எங்கே இழுத்தாலும் மற்ற மூன்று குரல்கள் அந்த இடத்துக்கு வந்து தோள் கொடுக்கும். பாட வாயெடுத்த முதல் நாளே ‘சுருதி சேரலை’ என்று அதட்டப்பட்டு, அதன் பிறகு வாயே திறக்காமல் போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இப்படி ஓர் இடம் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் குரல்கள் யாருடையவை? உண்மையான மனிதர்கள் பாடியதா?

ஓபரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் ஐரோப்பிய இசை நாடகம். நான்கு ஓபரா பாடகர்கள் இதற்காகப் பாடிக் கொடுத்தார்கள்: டெனர் என்ற உயர்ந்த ஆண் குரலுக்குக் கிறிஸ்டியன் ஜோயல், பேஸ் என்ற தாழ்ந்த ஆண் குரலுக்கு ஃப்ரெடரிக் டோங், மெஸ்ஸோ சோப்ரானோ என்ற நடுத்தரப் பெண் குரலுக்கு ஜோவானா கேம்பிள், சோப்ரானோ என்ற உயர்ந்த பெண் குரலுக்கு ஒலிவியா டவுட்னி. நால்வரும் சேர்ந்து பதினாறு மணி நேரம் பாடிய பதிவுகளைக் கொண்டு ஓர் இயந்திரக் கற்றல் மாதிரியை, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரலை, பயிற்றுவித்தார்கள். நாம் கேட்பது அந்தப் பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் அல்ல. ஓபரா பாட்டு எப்படி ஒலிக்கும் என்று அந்த மாதிரி புரிந்துகொண்டதை, நம் விரல் கேட்கும் சுரத்தில் அப்போதைக்கப்போது புதிதாக ஒலித்துக் காட்டுகிறது. நாம் ஒரு குரலை நகர்த்தும்போது மற்ற மூன்றும் எந்தச் சுரத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது இன்னொரு மாதிரியின் வேலை.

இதைப் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஓர் ஆசிரியரிடம் நெடுங்காலம் கற்ற மாணவர் பாடும்போது ஆசிரியரின் சாயல் அதில் இருக்கும், ஆனால் பாடுவது ஆசிரியர் அல்ல. இங்கேயும் அப்படித்தான். சாயலைத் தந்த நால்வரின் பெயரும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி, ஏனென்றால் யாருடைய தொண்டையிலிருந்து இது வந்தது என்பதை மறைத்துவிட்டால் பாடகரின் உழைப்பு காற்றில் கரைந்துவிடும்.

ஏன் சொற்களே இல்லாமல் ஆ, ஓ, ஊ என்று மட்டும் பாடுகின்றன?

குரல் நீண்டு ஒலிப்பது பெரும்பாலும் உயிரெழுத்தில்தான். ‘க்’ என்பதையோ ‘ட்’ என்பதையோ யாராலும் நீட்டிப் பாட முடியாது; ‘கா’ என்று நீட்டினால் நீள்வது ஆகாரமே. எனவே நம்மூர் அகார சாதகமானாலும் ஐரோப்பியப் பாடகரின் பயிற்சியானாலும், குரல் பயிற்சியில் உயிரொலிக்குப் பெரிய இடம் உண்டு.

உயிரொலி ஏன் மாறுகிறது என்பதை அறிய இந்த விளையாட்டு நல்ல வழி. அகரமும் ஆகாரமும் வாயைத் திறப்பதால் பிறக்கின்றன என்றும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை இதழ் குவிவதால் பிறக்கின்றன என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த வரி, இங்கே கண்ணெதிரே நடக்கும். திரையில் உருவத்தின் வாய் அகலும்போது ஒலி ஆகாரமாக விரிகிறது. வாய் குறுகும்போது ஒலியும் குவிகிறது. தொண்டையிலிருந்து புறப்படும் ஒலி ஒன்றாகவே இருந்தாலும், வாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தின் வடிவம் மாறும்போது அதன் சில அதிர்வுகள் ஓங்கி, சில அடங்கிவிடுகின்றன. ஒரே காற்றை வெவ்வேறு குடங்களின் வாயில் ஊதினால் வெவ்வேறு ஒலி வருவதைப் போன்றது இது.

ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமலேயே ஒரு பெரிய வாத்தியக் குழுவை மீறி அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடுவதன் ரகசியமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. தொண்டையை அவர்கள் அமைத்துக்கொள்ளும் விதத்தால், குறிப்பாக ஆண் குரல்களில், சுமார் 3,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 3,000 அதிர்வு) ஒட்டிய அதிர்வுகள் தனியாக ஓங்குகின்றன. வாத்தியங்களின் ஓசை அந்தப் பகுதியில் மெலிந்து இருப்பதால் குரல் அந்த இடைவெளி வழியாக வெளியே வந்துவிடுகிறது.

நான்கு குரல்கள் எதற்கு? எல்லோரும் ஒரே சுரத்தைப் பாடினால் போதாதா?

நம் மரபிசையில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றே. பஜனையில் நூறு பேர் இருந்தாலும் நூறு பேரும் ஒரே வரியில் நடப்பார்கள். ஐரோப்பிய மரபில் ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு வரிகளில் நடக்கிறார்கள். அந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் அழகு. எங்கள் ஆலயங்களில் இதைப் ‘பார்ட்ஸ்’ என்று சொல்வோம். மேலே சோப்ரானோ, அடுத்து ஆல்ட்டோ, பிறகு டெனர், அடியில் பேஸ். இந்த விளையாட்டில் ஆல்ட்டோவின் இடத்தில் ஓபரா வழக்கப்படி மெஸ்ஸோ சோப்ரானோ நிற்கிறது. பேஸ் குரல் சுமார் 82 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். சோப்ரானோ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறும்.

பொருந்துவது என்றால் என்ன என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஷட்ஜம் (ச) 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்தர காந்தாரம் (க) 300, பஞ்சமம் (ப) 360. மூன்றும் 4:5:6 என்ற விகிதத்தில் இருக்கின்றன. இப்படிச் சிறிய முழு எண்களின் விகிதத்தில் அமைந்த அதிர்வுகள் அடிக்கடி ஒன்றையொன்று சந்திப்பதால், காது அவற்றைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிக்காமல் ஒரே ஒலியின் நிறங்களாக ஏற்றுக்கொள்கிறது. தம்பூராவின் ஷட்ஜ பஞ்சமத்தில் நமக்குக் கிடைக்கும் நிறைவுக்கும் காரணம் இதுவே. அங்கே விகிதம் 2:3.

பார்ட்ஸ் பாடக் கற்றுக்கொள்ள இது உதவுமா?

உதவும். எப்படி உதவியது என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஆல்ட்டோ பாடும் ஓர் அம்மா இருக்கிறார். இனிமையான குரல், ஆனால் பக்கத்தில் சோப்ரானோ தொடங்கியதும் அவருடைய குரல் தன்னை அறியாமல் மேலே நழுவி மெட்டோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை கீபோர்டில் வாசித்துக் காட்டினாலும் தனியாகப் பாடும்போது சரியாக இருக்கும், சேர்ந்து பாடும்போது நழுவிவிடும். ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு டேப்லெட்டை அவர் கையில் கொடுத்து, சோப்ரானோ உருவத்தை மெதுவாக இழுக்கச் சொன்னேன். மேல்குரலைக் கேட்க வேண்டாம், அதற்கு அடுத்ததை மட்டும் காதால் தேடிப் பிடியுங்கள் என்றேன். முதலில் அவருக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. நான்காவது ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்து, “தம்பி, மேல இருக்கதை நான் இழுக்கேன், பக்கத்துல இருக்கது வேற எடத்துல நிக்குது. ஆனா ரெண்டும் சண்டை போடலியே!” என்றார்.

இருபது ஆண்டுகளாக ஆல்ட்டோ பாடியவருக்கு, தன் வரி சோப்ரானோவுக்கு எதிரியும் அல்ல, நிழலும் அல்ல என்பது அன்றுதான் காதுக்குப் புரிந்தது. அடுத்த வாரமே அவர் நழுவாமல் பாடினார் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் ஆனது. ஆனால் நழுவும்போது அது அவருக்கே தெரியத் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் சொல்லித் திருத்த வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

அதே நேரத்தில் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். விரல் இழுப்பது வேறு, தொண்டை பாடுவது வேறு. மூச்சைப் பிடிக்கவும், சொற்களைத் தெளிவாக உச்சரிக்கவும், ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய இசைக் குறியீட்டை வாசிக்கவும் இது கற்றுத் தராது. கேட்பதை மட்டும் கற்றுத் தரும்.

என் மகள் கர்நாடக இசை கற்கிறாள். இதை விளையாடினால் அவள் ஞானம் கெட்டுவிடுமா?

கெடாது. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நம் இசையில் சுரம் என்பது ஒரு புள்ளி அல்ல. அது அசையும், ஊசலாடும், அடுத்த சுரத்தைத் தொட்டுத் திரும்பும். கமகம் எனப்படும் இந்த அசைவை இந்த உருவங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது, ஏனென்றால் அவை கற்றது ஓபரா பாடகர்களிடம். மேலும், மோகன ராகத்தின் மெட்டைச் சோப்ரானோவில் இழுத்துப் பார்த்தால், மோகனத்தில் இல்லாத மத்தியமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) கீழ்க்குரல்கள் தொட்டுவிடக்கூடும். மேற்கத்திய இணக்கத்துக்கு அது இயல்பு. ராகத்துக்கு அது அந்நியம். அந்த வேறுபாட்டை உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் மோகனம் மோகனமாக இல்லாமல் போகிறது என்று அவளால் சுட்டிக்காட்ட முடிந்தால், அவளுடைய ராக ஞானம் நன்றாகவே இருக்கிறது.

மனத்துக்கு இதமாக இருக்கிறது என்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன?

மருத்துவக் காரணம் சொல்ல நான் தகுதியானவன் அல்ல; கவனித்ததைச் சொல்கிறேன். மெதுவாக இழுக்கும்போது நம்மையறியாமல் நம் மூச்சும் அந்த நீண்ட சுரத்தோடு நீள்கிறது. கணீரென்ற மணியோசையோ, குறைந்துகொண்டே வரும் நேரமோ, தோற்றுவிட்டாய் என்று சொல்லும் சிவப்பு எழுத்தோ திரையில் இல்லை. பேஸ் குரல் அடியில் நிற்பதால் ஒலி முழுவதும் தரையில் கால் ஊன்றி நிற்பதுபோல் இருக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, நாம் செய்வதற்கு யாரோ உடனே இசைந்து கொடுக்கிறார்கள் என்ற உணர்வு உண்டு. நாள் முழுவதும் அலுவலகத்தில் எல்லோரோடும் முட்டி மோதிவிட்டு வருகிற ஒருவருக்கு, நான்கு குரல்கள் மறுப்பில்லாமல் தன்னோடு நடப்பது பெரிய ஆறுதல்.

சத்தமே வரவில்லை. என்ன செய்ய வேண்டும்?

நாம் ஒரு முறையாவது தொடும்வரை இணையப் பக்கம் தானாக ஒலி எழுப்புவதைப் பெரும்பாலான பிரவுசர்கள் தடுக்கின்றன. எனவே முதலில் திரையைத் தொட வேண்டும். ஐபோன் சைலன்ட் நிலையில் இருந்தால் இத்தகைய விளையாட்டுகளின் ஒலி வராமல் போகலாம். அதை மாற்றிப் பாருங்கள். விரலுக்கும் ஒலிக்கும் இடையே தாமதம் தெரிந்தால், பெரும்பாலும் ப்ளூடூத் ஹெட்ஃபோன்தான் காரணம். வயருள்ள ஹெட்ஃபோனை மாட்டினால் அந்தத் தாமதம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பணம் கட்ட வேண்டுமா? பதிவு செய்ய முடியுமா?

பணம் வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். நீங்கள் இழுத்த பாட்டைப் பதிவு செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. பதிவை இணைப்பாக மற்றவர்களுக்கு அனுப்பலாம். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாக்கள் அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் காலத்தில் உருவங்கள் தொப்பி அணிந்து பாடுவதைப் பார்த்தோம். அது எப்படி?

இது டிசம்பரில் வெளியான விளையாட்டு என்பதால், பழைய கிறிஸ்துமஸ் பாடல்கள் சிலவற்றை அந்த நான்கும் தாமாகவே பாடும் வசதியையும் சேர்த்திருக்கிறார்கள். மரப் படம் போட்ட பொத்தானைத் தொட்டால் போதும். வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டி, பேஸ் மட்டும் எப்படி நடக்கிறது என்று விரலால் காற்றில் வரையச் சொல்வேன். தாம் பாடப்போகும் மெட்டின் அடியில் இன்னொரு ஆறு ஓடுகிறது என்பதை அவர்கள் அப்போது கண்டுகொள்கிறார்கள். பின்னர் வெளியான விரிவாக்கத்தில் இந்த நால்வரும் உலகின் வெவ்வேறு நகரங்களுக்குச் சென்று அங்குள்ள பாடல்களையும் பாடுகிறார்கள்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடலாம்?

என் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. காதும் களைத்துவிடும், களைத்த காதுக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். ஹெட்ஃபோனில் ஒலி அளவு முக்கியம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. சோப்ரானோ உச்சத்தில் ஏறும்போது ஒலி காதில் குத்துகிறது என்று பிள்ளை சொன்னால் உடனே குறைத்துவிடுங்கள்.

இனிப் பாடகர் குழுவே தேவையில்லை என்று ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் குழுவின் மூத்த டெனர். அவர் கவலையோடுதான் கேட்டார். இந்த உருவங்கள் என்றும் தவறுவதில்லை, ஆனால் அவை ஒருவரையொருவர் பார்த்து மூச்சு வாங்குவதும் இல்லை. எங்கள் குழுவில் பாட்டின் கடைசி வரிக்கு முன் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் அந்தச் சிறு ஓசை இருக்கிறதே, ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் அது கேட்கும். அதைத் தர எந்த மாதிரியும் இன்னும் கற்கவில்லை. இதையே அவரிடம் சொன்னேன். அடுத்த பயிற்சிக்கு அவர் பேரனையும் அழைத்து வந்தார்.

இதுபோல் வேறு விளையாட்டுகள் உண்டா?

2016இல் வெளியான குரோம் மியூசிக் லேப் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது; கட்டங்களைத் தொட்டுத் தாமே மெட்டு அமைக்கலாம். தாளத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு, பிரான்ஸில் 2009இல் தொடங்கிய இன்க்ரெடிபாக்ஸ் பிடிக்கும். அதில் ஏழு பாத்திரங்களுக்கு ஒவ்வோர் ஒலியாக அணிவித்து அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்ட வேண்டும். 2020இல் வெளிவந்த ஜீவன் என்ற பதிப்பு இந்திய இசைச் சாயலில் அமைந்தது.

முதன்முறை விளையாடும்போது எதிலிருந்து தொடங்குவது?

இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகு தொடங்குங்கள். சோப்ரானோவைப் பிடித்து நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, ஆகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அசைக்காமல் ஒரு மூச்சு நேரம் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு படி மேலே நகர்த்தி, அடியில் பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது சில நேரம் உங்களோடு ஏறும், சில நேரம் எதிர்த்திசையில் இறங்கும், சில நேரம் இருந்த இடத்திலேயே நிற்கும். மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிந்த பிறகு அடுத்த குரலுக்குச் செல்லலாம்.